துக்கமும் மன அமைதியும்: ரங்கூன் தமிழர் வீடுகளில் கேட்கும் கேள்விகள்

நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் முருகன் படம், தெருக்கோடியில் பயா (புத்தர் கோயில்). காலையில் பொங்கிகள், அதாவது புத்த பிக்குகள், வரிசையாக வரும்போது அம்மா அவர்கள் பாத்திரத்தில் ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பாள். இப்படி நாலு தலைமுறையாகப் பௌத்தத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும், அது என்ன சொல்கிறது என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் தாய்மார்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பொங்கியும் இல்லை, பண்டிதரும் இல்லை. தியானப் பயிற்சிகளில் உட்கார்ந்து, படித்து, பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

புத்தர் சொன்ன துக்கம் எது? செத்த வீட்டில் விசாரிக்கிறோமே, அந்தத் துக்கமா?

அதுவும்தான். ஆனால் அது ஒரு ஓரம். தமிழில் துக்கம் என்றவுடன் சாவு நினைவுக்கு வருகிறது. பர்மியர்கள் அதே சொல்லை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பஸ் வரவில்லையா, 'தோக்கா பாபே!' மின்சாரம் போய்விட்டதா, அதற்கும் 'தோக்கா பாபே!'தான். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் வரும் துக்கம் இந்தப் பேச்சுக்குத்தான் கிட்டே வருகிறது. பெரிய இடியிலிருந்து சின்ன உறுத்தல் வரை எல்லாம் அதில் அடங்கும்.

வாரணாசிக்குப் பக்கத்தில், இன்று சாரநாத் என்று சொல்லும் இடத்தில், ஐந்து துறவிகளுக்குப் புத்தர் முதல் உபதேசம் செய்தார். அங்கே பிறப்பு, மூப்பு, நோய், சாவு எல்லாம் துக்கம் என்கிறார். அதோடு பிடிக்காததோடு சேர்ந்திருப்பது, பிடித்ததைப் பிரிவது, கேட்டது கிடைக்காமல் போவது ஆகியவையும் துக்கம் என்கிறார். இந்தப் பின்பாதிதான் நம் அன்றாட வாழ்க்கை.

பௌத்த நூல்கள் இதை மூன்று அடுக்காகப் பிரிக்கும். பல்வலி போல நேரடியாக வலிப்பது முதல் அடுக்கு. நல்லது முடிந்துபோவதால் வருவது இரண்டாவது. திஞ்ஞான், அதாவது பர்மியப் புத்தாண்டு, விடுமுறையின் கடைசி நாள் சாயங்காலத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் அது தெரியும். மூன்றாவது இன்னும் மெல்லியது. எல்லாம் சரியாக இருக்கும்போதும் உள்ளே ஏதோ குறைகிற மாதிரி ஒரு நிம்மதியின்மை இருக்கும், ஏனென்றால் நாம் சாய்ந்திருப்பது எதுவும் நிலையாக நிற்பதில்லை.

எல்லாம் துக்கம் என்றால் இது சோக மதமா?

டாக்டர் 'உனக்கு சர்க்கரை இருக்கிறது' என்று சொன்னால் அவர் சோகமானவர் ஆகிவிடுவாரா? புத்தரின் நான்கு உண்மைகளும் வைத்தியரின் வரிசையிலேயே போகின்றன. நோய் இது, காரணம் இது, இது குணமாகும், மருந்து இது. மூன்றாவதை, 'இது குணமாகும்' என்பதை, யாரும் நினைவில் வைப்பதில்லை. எனக்கு நான்கிலும் அதுதான் முக்கியம்.

'ஆசையே துன்பத்துக்குக் காரணம்' என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படக் கூடாதா?

தாராளமாக ஆசைப்படுங்கள். தமிழில் இந்த ஒரு வரி பரவிய அளவுக்கு அதன் பொருள் பரவவில்லை. புத்தர் பயன்படுத்திய சொல் 'தண்ஹா'. வடமொழியில் திருஷ்ணை, நேர்ப்பொருள் தாகம். உப்புத் தண்ணீர் குடித்தவனுக்குக் குடிக்கக் குடிக்க ஏறுமே, அந்தத் தாகம். நல்ல காரியத்தைச் செய்ய வேண்டும் என்ற முனைப்புக்குப் பாலியில் 'சந்தம்' என்று வேறு சொல் இருக்கிறது. அது இல்லாமல் யாரும் தியானத்தில் உட்காரவே முடியாது.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பிள்ளை படிக்க வேண்டும் என்று நினைத்து, காலையில் எழுந்து சோறு கட்டிக் கொடுத்து, பாடம் கேட்கிறீர்கள். அது முனைப்பு. பிள்ளை மார்க் குறைத்து வாங்கிய அன்று உங்களுக்குத் தூக்கம் போய், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக் கேட்டு வயிறு எரிந்தால், அங்கே தாகம் வந்துவிட்டது.

தாகத்திலும் மூன்று வகை உண்டு. கண்ணுக்கும் நாவுக்கும் இன்பம் வேண்டும் என்பது ஒன்று. இப்படி ஆக வேண்டும், இப்படியே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இது இல்லாமல் தொலைய வேண்டும் என்பது மூன்றாவது. வெறுத்துத் தள்ளுவதும் தாகம்தான் என்பது எனக்கு வெகு காலம் புரியவில்லை.

எங்கள் பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தபோது அவளுக்குச் சின்ன வயது. ஊரைவிட்டு நடந்து கிளம்பிய கூட்டத்தில் அவளும் போனாள். நகையைத் துணியில் முடிந்து இடுப்பில் கட்டியிருந்தாள். வழியில் அரிசிக்கும் மருந்துக்கும் அந்த நகை ஒவ்வொன்றாகப் போயிற்று. சண்டை முடிந்து திரும்பி வந்து, கல்யாணமாகி, பேரப்பிள்ளைகள் எடுத்தாள். நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன். நடுராத்திரியில் தூக்கத்திலேயே அவள் வலது கை இடுப்பைத் தடவிப் பார்க்கும். முடிச்சு இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டுப் புரண்டு படுப்பாள். நகை போய் முப்பது வருஷத்துக்கு மேலாகியும் கை அதை விடவில்லை. பற்று என்ற சொல்லை எங்கே படித்தாலும் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

வலி வந்தால் துக்கம் வரத்தானே செய்யும்? இரண்டும் ஒன்றுதானே?

இரண்டும் வேறு என்பதுதான் பௌத்தத்தில் நான் கற்றுக்கொண்டதிலேயே பெரிய விஷயம். புத்தர் இதை இரண்டு அம்புகளை வைத்து விளக்கினார். ஒருவனை ஒரு அம்பு தைக்கிறது. உடனே இரண்டாவது அம்பும் தைக்கிறது. முதல் அம்பு உடம்பின் வலி. ஞானிக்கும் அது உண்டு, புத்தருக்கும் முதுகுவலி இருந்தது. இரண்டாவது அம்பு அந்த வலியைப் பற்றி மனசு கிளப்பும் புலம்பல். பயிற்சி உள்ளவனுக்கு முதல் அம்போடு நின்றுவிடுகிறது.

நம் வீட்டுக் கதையாகவே பார்ப்போம். மகன் மலேசியாவில் வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வைபரில் கூப்பிடுவான். இந்த வாரம் கூப்பிடவில்லை. மனசில் ஒரு குத்து, அது முதல் அம்பு. எட்டரைக்கு, 'ஏதாவது ஆகியிருக்குமோ?' ஒன்பதுக்கு, 'நம்மை மறந்துவிட்டான்.' ஒன்பதரைக்கு, 'அவன் அப்பா மாதிரிதானே இருப்பான்.' பத்து மணிக்கு இருபது வருஷத்துக்கு முந்தைய சண்டை ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது. பதினொரு மணிக்கு மகன் கூப்பிடுகிறான். ஓவர்டைமாம். இந்த மூன்று மணி நேரத்தில் அந்தத் தாய் எத்தனை அம்பு வாங்கினாள்? அவன் எய்தது ஒன்று, மற்றதெல்லாம் அவளே எடுத்துக் குத்திக்கொண்டது.

அவளைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள்தான். அடுத்த அம்பை எடுக்கக் கை போகிறது என்று அந்தக் கணத்திலேயே தெரிந்துகொள்ள முடியும். அதற்குப் பயிற்சி இருக்கிறது, அவ்வளவுதான்.

பர்மியர்கள் எதற்கெடுத்தாலும் 'அனெய்ஸ்ஸா' என்கிறார்களே, அது என்ன?

அநித்தியம் என்ற சொல்தான். தட்டு உடைந்தாலும் சொல்வார்கள், ஆள் போனாலும் சொல்வார்கள். வந்தது போகும் என்று பொருள்.

கிசா கோதமியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு அலைந்தவளிடம், சாவே விழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்றார் புத்தர். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு விழாத வீடுதான் இல்லை.

என் அம்மா இறந்து பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, மறுநாள் நான்தான் அடுப்படிக்குப் போனேன். தாளிக்க அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். கடுகுக் கிண்ணத்தில் அம்மா வைத்திருந்த சின்னக் கரண்டி, அவள் விட்ட இடத்திலேயே சாய்ந்து கிடந்தது. கடுகில் அதன் பள்ளம்கூட அப்படியே இருந்தது. எடுக்க மனசு வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா எட்டிப் பார்த்தவர், எதுவும் கேட்காமல் வந்து கூடவே உட்கார்ந்தார். 'அனெய்ஸ்ஸா' என்றுகூடச் சொல்லவில்லை. அவர் அம்மா முந்தின வருஷம் போனவர். கோதமி வீடு வீடாகப் போனதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. புத்தர் அவளை வெறும் உண்மையைத் தேடி அனுப்பவில்லை. தன்னைப்போல அழுத மனிதர்களின் வாசலுக்கு அனுப்பினார்.

அப்படியானால் எல்லாம் இழந்தவரிடம் போய் 'எல்லாம் அநித்தியம்' என்று சொல்லலாமா?

கூடவே கூடாது. 2025 மார்ச் 28ஆம் தேதி 7.7 அளவு நிலநடுக்கத்தில் மாண்டலேயிலும் சகாயிங்கிலும் வீடுகள் இடிந்து விழுந்தபோது, எங்கள் வகுப்புத் தாய்மார்கள் அரிசியும் தார்ப்பாயும்தான் கட்டி அனுப்பினார்கள். அந்த நேரத்துக்கு அதுதான் தர்மம்.

புத்தரும் அப்படித்தான் செய்தார். ஆளவி என்ற ஊரில் ஓர் ஏழை உழவன் தொலைந்த மாட்டைத் தேடி அலைந்துவிட்டு, பசியோடு உபதேசம் கேட்க வந்தான். அவன் வரும்வரை காத்திருந்த புத்தர், முதலில் அவனுக்குச் சோறு போடச் சொன்னார். அவன் சாப்பிட்ட பிறகுதான் பேச ஆரம்பித்தார். பசிதான் நோய்களில் பெரியது என்பது அந்த இடத்தில் அவர் சொன்னது. நம் மணிமேகலை கையில் ஏந்திய அமுதசுரபியும் பசிப்பிணி தீர்க்க வந்ததுதான். தமிழில் எழுந்த பௌத்தக் காப்பியத்தின் நாயகி சோற்றுப் பாத்திரத்தோடு நிற்கிறாள் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

நாம் படும் கஷ்டமெல்லாம் முன்வினைப் பயனா?

இல்லை. புத்தரே இல்லை என்று சொல்லியிருக்கிறார். சீவகன் என்ற துறவி இதே கேள்வியைக் கேட்டார். பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்த கோளாறு, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குவது, வினைப்பயன் என்று எட்டுக் காரணங்களைப் புத்தர் அடுக்குகிறார். வினை அதில் ஒன்றுதான். பித்தமும் வாதமும் நம் சித்த வைத்தியர் வாயில் வரும் சொற்களேதான், பாருங்கள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. குழந்தை ஊனமாகப் பிறந்த ஒரு தாயிடம் 'போன ஜென்மத்துப் பாவம்' என்று சொல்லும் வாய்களை நம் வீடுகளிலும் பர்மிய வீடுகளிலும் நான் கேட்டிருக்கிறேன். அது பௌத்தமும் இல்லை, இரக்கமும் இல்லை. அது இரண்டாவது அம்பை அடுத்தவர் மேல் எய்வது.

ஆன்மா இல்லை என்கிறார்களாம். அப்புறம் நாம் திதி கொடுப்பது யாருக்கு?

இந்தக் கேள்வியில் சைவமும் பௌத்தமும் உண்மையிலேயே வேறுபடுகின்றன. இரண்டும் ஒன்றுதான் என்று பூசி மெழுக எனக்கு விருப்பம் இல்லை. நாகசேனர் என்ற பழங்காலத்துப் பிக்கு மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டிக் கேட்டார்: சக்கரம் தேரா? அச்சு தேரா? நுகம் தேரா? எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்து ஓடும்போது தேர் என்று ஒரு பெயர். 'நான்' என்பதும் அப்படித்தான். உடம்பு, உணர்ச்சி, அடையாளம் காணல், மனப்போக்குகள், அறிவு ஆகியவை சேர்ந்து ஓடுவதற்கு வைத்த பெயர். மறுபிறப்பையும் அவர் விளக்கினார். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால், முந்தைய சுடர் எழுந்து நடந்து போவதில்லை, ஆனாலும் தொடர்ச்சி உண்டு.

திதிக்கு வருவோம். பர்மியரும் இறந்தவருக்காகத் தானம் செய்துவிட்டு, அந்தப் புண்ணியத்தைப் பங்கு கொடுத்து 'அம்யா, அம்யா, அம்யா' என்பார்கள். கேட்பவர்கள் 'தாது, தாது, தாது' என்பார்கள், அதாவது சாது, நன்று. எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நம் கையில் இருக்கிற அதே அன்புதான். தத்துவம் வேறுபடுவதால் திதியை நிறுத்த வேண்டியதில்லை.

தியானத்துக்குப் போனால் குலதெய்வம் கோபித்துக்கொள்ளுமா?

கோபித்துக்கொள்ளாது. கொன்சேதான் தெருக் காளி கோயிலைத் தமிழர்கள் 1871இல் கட்டினார்கள். அங்கே பர்மியர்கள் வந்து தேங்காய் கொடுத்துக் கும்பிடுவதை நாம் பார்க்கிறோம். நம்மவர்கள் சுவேதகோன் பயாவில் தாங்கள் பிறந்த கிழமைக்குரிய மூலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இந்த ஊரில் கோயிலும் பயாவும் ஒரே தெருவில் இருந்து பழகியவை. படைத்த கடவுள் என்று பௌத்தத்தில் ஒருவர் இல்லை என்பது உண்மை. ஆனால் மூச்சைக் கவனிப்பதற்கு மதம் மாற வேண்டிய அவசியம் இல்லை.

எப்படித் தொடங்குவது? உட்கார்ந்தாலே முட்டி வலிக்கிறது.

முதலில் உட்காரவே வேண்டாம். ஐந்து சீலங்களிலிருந்து தொடங்குங்கள்: கொல்லாமை, திருடாமை, பிறர்மனை நாடாமை, பொய் சொல்லாமை, குடிக்காமை. பகலில் பொய் சொல்லிவிட்டு ராத்திரி கண்ணை மூடினால், அந்தப் பொய்தான் முன்னால் வந்து நிற்கும்.

பிறகு தினமும் பத்து நிமிஷம். நாற்காலியில் உட்கார்ந்தாலும் சரி. மகாசி சயாடோ என்ற பர்மிய பிக்கு கற்றுக்கொடுத்த முறையில், மூச்சோடு வயிறு எழும்புவதையும் தாழ்வதையும் கவனிப்பார்கள். பர்மிய மொழியில் 'பௌங் தே, பெயின் தே.' தமிழில் 'எழும்புது, தாழுது' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளலாம். மனசு சமையலுக்கு ஓடினால் 'நினைக்குது' என்று குறித்துவிட்டு வயிற்றுக்குத் திரும்பலாம். நூறு தடவை ஓடினால் நூறு தடவை திரும்பலாம். திரும்பி வருவதுதான் பயிற்சி. ஓடியதற்காகத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

வலியைப் பற்றி ஒன்று. முதல் பயிற்சியின் மூன்றாம் நாள், இடது கன்னத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது. அடிக்கக் கூடாது. ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளி, அது சூடாகிக் காதுவரை பரவியது. கை தானாக எழுந்தது, இறக்கினேன். 'அரிக்குது, அரிக்குது' என்று குறித்தேன். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தபோது அரிப்பு ஒரே கட்டியாக இல்லை. துடித்து, நின்று, இடம் மாறித் துடித்தது. பிறகு எப்போது போனது என்றே தெரியவில்லை. எத்தனையோ வருஷம் காதில் விழுந்த அநித்தியத்தை அன்றைக்குத்தான் என் கன்னத்தில் பார்த்தேன். ஆனால் முட்டி தாங்காமல் வலித்தால் மெதுவாகக் காலை மாற்றிக்கொள்ளுங்கள். உடம்பைக் கெடுத்துக்கொள்ள யாரும் சொல்லவில்லை.

எங்கே கற்றுக்கொள்ளலாம்? பணம் எவ்வளவு ஆகும்?

ரங்கூனின் பஹான் பகுதியில் 1947இல் நிறுவிய மகாசி தியான மையம் இருக்கிறது. சுவேதகோனுக்குப் பக்கத்தில் கோயங்கா வழியில் பத்து நாள் பயிற்சி தரும் தம்ம ஜோதி இருக்கிறது. அந்தப் பத்து நாளில் காலை நாலு மணிக்கு எழ வேண்டும், பத்தாம் நாள் காலைவரை பேச்சு கிடையாது, மதியத்துக்குப் பிறகு சாப்பாடு கிடையாது (புதியவர்களுக்கு மாலையில் பழமும் டீயும் உண்டு). கட்டணம் வாங்குவதில்லை. முடித்த பிறகு விரும்பினால் தானம் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னைக்குப் பக்கத்தில் தம்ம சேது இருக்கிறது.

சத்யநாராயண் கோயங்கா 1924இல் மாண்டலேயில் ஓர் இந்து வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். தாங்க முடியாத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் சயாஜி ஊ பா கினிடம் போனார். ஊ பா கின் பொங்கி இல்லை. சுதந்திர பர்மாவின் முதல் கணக்காயர் நாயகம், மனைவி மக்களோடு வாழ்ந்த அரசாங்க உத்தியோகஸ்தர். தலைவலி போக வேண்டும் என்பதற்காக மட்டும் வராதே என்று சொல்லிவிட்டுத்தான் அவரைச் சேர்த்துக்கொண்டார். 1969இல் கோயங்கா இந்தியாவுக்குப் போய் அங்கே கற்பிக்கத் தொடங்கினார். வேலையும் குடும்பமும் இருந்தால் இதெல்லாம் முடியாது என்று சொல்பவர்களிடம் நான் ஊ பா கினைத்தான் காட்டுவேன்.

தியானம் செய்தால் மனநல மாத்திரையை நிறுத்தலாமா?

டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். கடுமையான மனச்சோர்வோ, காதில் குரல் கேட்பதோ இருந்தால், பத்து நாள் மௌனப் பயிற்சி அந்த நேரத்துக்கு ஏற்றதல்ல. விண்ணப்பத்தில் உடல்நலம் பற்றிக் கேட்பார்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

மன அமைதி என்றால் எதுவும் உறைக்காமல் கல்லாகிவிடுவதா?

கல்லாவது வேறு. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்று நான்கையும் சேர்த்தே வளர்க்கச் சொல்கிறார்கள். முதிதை என்றால் அடுத்தவர் நன்றாக இருப்பதைப் பார்த்து மகிழ்வது. உபேட்சை என்றால் நடுநிலை. மற்ற மூன்றும் இல்லாத உபேட்சை வெறும் அலட்சியம். காய்ச்சலில் அனத்தும் பிள்ளை பக்கத்தில் பதறாமல் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றும் தாய்க்கு அன்பு குறைவு என்று யாராவது சொல்வார்களா? பதற்றம் இல்லாததால்தான் அவள் கை சரியாக வேலை செய்கிறது.

பௌத்தர்கள் அடைய நினைக்கும் நிப்பானம் என்பது சொர்க்கமா?

சொர்க்கம் இல்லை. சொல்லின் பொருள் அணைந்துபோதல். ஆசை, வெறுப்பு, அறியாமை என்ற மூன்று நெருப்பும் அணைவது. அதற்குமேல் பேச எனக்குத் தகுதி இல்லை.

பிள்ளைகளுக்கு இதை எந்த வயதில் சொல்லிக்கொடுக்கலாம்?

பர்மியப் பையன்கள் சின்பியூ சடங்கில் மொட்டையடித்து, சில நாள் பொங்கிச் சாமியாராக இருந்துவிட்டு வருகிறார்கள். ஏழெட்டு வயதிலேயே நடக்கும். நம் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்குமுன் மூன்று நிமிஷம் போதும் என்று நான் வைத்திருக்கிறேன். வயிற்றில் கை வைத்து 'எழும்புது, தாழுது.' போன மாதம் ஏழு வயதுப் பையன் ஒருவன் வீட்டில் தங்கையை அடிக்கக் கை ஓங்கிவிட்டு, அப்படியே நின்று, 'அம்மா, எனக்குக் கோவம் எழும்புது' என்றானாம். அவன் அம்மா அடுத்த சனிக்கிழமை சீக்கிரமே வந்து, கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் தானும் ஒரு பாய் போட்டு உட்கார்ந்தார்.